ஆல்டர்னேட்டர் மாற்றிய பிறகு படகு என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டைனமோவையோ, தனிப் பெட்டியில் ரெகுலேட்டர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) வைத்த பழைய ஆல்டர்னேட்டரையோ கழற்றிவிட்டு, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் புது ஆல்டர்னேட்டரைப் படகில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால், நேற்று வரை ஒழுங்காக ஓடிய என்ஜின் இன்று மக்கர் செய்கிறது. அதன்பின் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்கள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் என்ஜின் உடலோடு சேர்ந்தது), படகுக்குள்ளேயே பொருத்திய பெட்ரோல் இன்போர்டு என்ஜினுக்கானவை. டீசலுக்குத் தனிக் கேள்வி உண்டு. ஒயர் நிறங்கள் அமெரிக்கப் படகுகளில் வழக்கமானவை: ஊதா என்றால் இக்னிஷன் சப்ளை, மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் ஸ்டார்ட் சர்க்யூட், சாம்பல் என்றால் டாக்கோமீட்டர், ஆரஞ்சு என்றால் ஆல்டர்னேட்டர் அவுட்புட். உங்கள் என்ஜின் வேறு நாட்டுத் தயாரிப்பு என்றால் நிறத்தை நம்பாதீர்கள். ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்று தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்றதுக்குத்தானே? அதுக்கும் ஸ்டார்ட் ஆகாததுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. ஸ்டார்ட் ஆவதற்கு ஆல்டர்னேட்டர் தேவையே கிடையாது. பேட்டரி நல்ல சார்ஜில் இருந்தால் ஆல்டர்னேட்டர் இல்லாமலே என்ஜின் ஸ்டார்ட் ஆகி, பேட்டரி தாங்கும் வரை ஓடும்.

அதனால் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. வேலை செய்யும்போது ஸ்டார்ட் சர்க்யூட்டைச் சேர்ந்த ஏதோ ஒரு ஒயர் கழன்றிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம். இல்லையென்றால் புது ஆல்டர்னேட்டரின் ஒயர் ஒன்று இக்னிஷன் சர்க்யூட்டோடு சேரக் கூடாத இடத்தில் சேர்ந்திருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரோ, ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலோ அதே நாளில் தற்செயலாகச் செத்துப்போவது அபூர்வம். எனவே புதுசு புதுசாகப் பாகம் வாங்குவதற்கு முன், கை வைத்த இடங்களைத் திரும்பிப் பாருங்கள்.

சரி, எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் காற்றோட்டம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிப்பகுதியில் தேங்கி நிற்கும். என்ஜின் அறைக் கதவைத் திறந்து வையுங்கள். புளோவரை (என்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் விசிறி) நான்கு நிமிடமாவது ஓட்டிவிட்டு, மூக்கால் முகர்ந்து பார்த்தபின் மீட்டரை எடுங்கள். ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரு எளிய சோதனை. ஆல்டர்னேட்டரில் இருக்கும் எல்லா ஒயர்களையும் கழற்றி, முனைகளில் டேப் சுற்றித் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அவுட்புட் போல்ட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒயர் இருந்தால் அவற்றை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்தே டேப் சுற்ற வேண்டும். டேஷ்போர்டுக்கான சப்ளை அந்த வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். அவுட்புட்டை மட்டும் கழற்றிவிட்டுச் சின்ன ஒயர்களை விட்டுவைக்காதீர்கள். அப்படி என்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் (கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகங்கள்) போய்விடும்.

இந்த நிலையில் என்ஜின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால், கோளாறு ஆல்டர்னேட்டரிலோ அதற்கு நீங்கள் புதிதாக இழுத்த ஒயரிலோ இருக்கிறது. அப்போதும் ஆகவில்லை என்றால் ஆல்டர்னேட்டரை மறந்துவிட்டுப் பழைய ஒயரிங்கைப் பாருங்கள். கீழே இதைக் 'கழற்றிப் பார்க்கும் சோதனை' என்று குறிப்பிடுகிறேன்.

சாவியைத் திருப்பினா ஒண்ணுமே நடக்கல. டேஷ்ல ஒரு லைட் கூட எரியல. பேட்டரி ஃபுல்லா இருக்கு.

டேஷ்போர்டுக்குச் சப்ளையே போகவில்லை. பல என்ஜின்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பெரிய போல்ட்தான் எல்லா ஒயரும் கூடும் சந்திப்பு. பேட்டரி கேபிள், ஆல்டர்னேட்டர் அவுட்புட், டேஷுக்குப் போகும் சிவப்பு ஒயர் மூன்றும் அங்கேதான் இருக்கும். பழைய ஆரஞ்சைக் கழற்றிப் புதிய தடித்த ஒயரை மாட்டும்போது, அந்தச் சிவப்பு பின்னால் விழுந்து தொங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள்.

சிவப்பு இடத்திலேயே இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது என்ஜின்மேல் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர். மெர்க்ரூஸர் போன்ற என்ஜின்களில் 50 ஆம்பியர் பிரேக்கர் சிறிய பொத்தானோடு இருக்கும். பேட்டரியைக் கழற்றாமல் ஸ்பேனர் போட்டு, ஆரஞ்சு ஒயர் ஒரு கணம் என்ஜின் பிளாக்கைத் தொட்டிருந்தால் பொத்தான் வெளியே வந்திருக்கும். அழுத்தினால் உயிர் வந்துவிடும். மறுபடி மறுபடி வெளியே வந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்து ஓட்டக் கூடாது. சில மாடல்களில் ஸ்டார்ட்டர் போல்ட்டிலேயே 90 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்தால் சாதாரண ஒயர் முனை போலவே தெரியும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தால் அது போயிருக்கும்.

டைனமோவிலிருந்து மாறியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டைனமோவோடு வந்த பழைய கட்-அவுட் (ரெகுலேட்டர்) பெட்டியில் பேட்டரி டெர்மினல் ஒன்று இருக்கும். அதில் பேட்டரி ஒயர் வந்து சேரும், அதே திருகிலிருந்து டேஷுக்கு ஒயர் கிளம்பும். பெட்டி இனி எதற்கு என்று தூக்கிப் போடும்போது அந்தச் சந்திப்பும் சேர்ந்து போய்விடுகிறது. அந்த இரண்டு ஒயரையும் ஒரு டெர்மினல் கட்டையில் இணைத்தால் போதும்.

மீட்டர் எல்லாம் வேலை செய்யுது, ஆனா செல்ஃப் எடுக்கல. சத்தமே இல்ல.

கியர் லிவர் நியூட்ரலில் இருக்கிறதா, அவசர நிறுத்தக் கயிறு மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதிலேயே முடிந்துபோன கேஸ்கள் உண்டு.

அடுத்து மஞ்சள்-சிவப்பு ஒயரின் வழியே போங்கள். சாவி சுவிட்சின் ஸ்டார்ட் டெர்மினலில் கிளம்பி, நியூட்ரல் சுவிட்ச் வழியாக, என்ஜினில் இருக்கும் சின்ன ரிலேவுக்கு வந்து, அங்கிருந்து ஸ்டார்ட்டர் சோலனாய்டுக்கு (மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்) போகும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு இடமாக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் வெளிச்சம் நிற்கிறதோ அதற்கு முந்தைய துண்டில்தான் பழுது. டிஜிட்டல் மீட்டரைவிட 21 வாட் பல்பு வைத்த டெஸ்ட் லாம்பையே நான் விரும்புவேன். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பு அந்த ஒயரில் எரியாது.

என்ஜினிலிருந்து டேஷுக்குப் போகும் உருண்டைப் பிளக்கை விட்டுவிடாதீர்கள். ஆல்டர்னேட்டருக்கு இடம் பண்ணும்போது அந்த ஒயர்க் கட்டை இழுத்திருப்பீர்கள். உப்புக் காற்றில் ஏற்கெனவே பச்சை பிடித்த பின்கள் அந்த இழுப்பில் கைவிட்டுவிடும். கழற்றி, சுத்தம் செய்து, இறுக்கி மாட்டுங்கள்.

'டக்'னு ஒரு சத்தம் மட்டும் வருது. சில நேரம் ரொம்ப மெதுவா சுத்துது.

சோலனாய்டு வரை தகவல் வருகிறது, மோட்டாருக்குப் போதுமான கரண்ட் வரவில்லை. பேட்டரியை எடுத்தவுடன் குற்றம் சொல்லாமல் அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குக்குக் கிட்டத்தட்ட. நாள் முழுக்க ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் இறங்கிவிடும், அப்புறம் இரண்டு கோளாறுகளைத் தேட வேண்டியதாகிவிடும். ஆகவே முதலில் சார்ஜ் ஏற்றுங்கள்.

பிறகு காயிலின் பிளஸ் ஒயரைக் கழற்றி என்ஜின் பிடிக்காதபடி செய்துவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது மூன்று அளவு எடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி சரியில்லை. பேட்டரி பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டர் பெரிய போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. பேட்டரி மைனஸ் முனைக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே 0.3-க்கு மேல் போகக் கூடாது. மீட்டரின் கம்பிகளை ஒயர் லக்கில் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) வைக்காமல், பேட்டரி முனையின் ஈயத்திலும் போல்ட்டின் தலையிலும் வைக்க வேண்டும். லக்குக்கும் முனைக்கும் நடுவேதான் பெரும்பாலும் பிரச்சினை இருக்கும்.

மாற்றம் செய்தவர்களிடம் அடிக்கடி பார்க்கும் காரணம் எர்த். புது பிராக்கெட் மாட்டும்போது அதே போல்ட்டில் இருந்த எர்த் கேபிளைக் கழற்றி, பெயிண்ட் அடித்த இடத்தில் திரும்ப முறுக்கியிருப்பார்கள். பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு நேரே உலோகத்தில் மாட்டுங்கள்.

எவ்வளவு நேரம் செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாம்?

ஒரு தடவைக்குப் பத்து விநாடி, பிறகு மோட்டார் ஆறுவதற்கு ஓரிரு நிமிடம். சாலை வாகனங்களில் இல்லாத ஒரு ஆபத்து இங்கே உண்டு. தண்ணீர் கலந்த புகைபோக்கி உள்ள படகில், செல்ஃப் சுற்றும்போதெல்லாம் பம்ப் கடல் நீரை இழுத்து மஃப்ளருக்குள் தள்ளும். என்ஜின் பிடிக்காததால் அதை வெளியே தள்ளப் புகை இருக்காது. நிரம்பியதும் தண்ணீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் ஏறும். ஒயரிங் கோளாறைத் தேடப் போய் என்ஜினையே பிரிக்க வேண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

நீண்ட நேரம் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் கடல்நீர் வால்வை மூடிவையுங்கள், மஃப்ளரின் வடிகால் திருகைத் திறந்துவிடுங்கள். பிடித்த அடுத்த கணமே வால்வைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழிந்துவிடும். சாவியை வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைத்தால் மறக்காது.

செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா என்ஜின் பிடிக்கவே மாட்டேங்குது.

கழற்றிப் பார்க்கும் சோதனையை முதலில் செய்யுங்கள். பிறகு ஸ்பார்க் இருக்கிறதா என்று ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் என்ஜின் அறையில் பிளக் ஒயரைப் பிளாக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பொறி பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

ஸ்பார்க் இல்லையென்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது சாம்பல் ஒயர்மேல்தான். பெட்ரோல் என்ஜினில் டாக்கோமீட்டர் சிக்னல் காயிலின் மைனஸ் முனையிலிருந்து கிளம்புகிறது. அந்த ஒயர் எங்காவது எர்த்தைத் தொட்டால் காயில் பொறி தராது, ஏனென்றால் காயில் கரண்ட்டைத் துண்டிக்கும் பாயிண்ட் திறந்தாலும் கரண்ட் அந்த வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கு அடியில் நசுங்கிய சாம்பல் ஒயர், புது ஆல்டர்னேட்டரின் ஏதோ ஒரு முனையில் 'டாக்கோவுக்கு' என்று மாட்டிவிட்ட சாம்பல் ஒயர் இரண்டும் இந்த விளைவைத் தரும். காயில் மைனஸிலிருந்து சாம்பலை மட்டும் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்துவிட்டால் திருடன் அகப்பட்டான்.

சாம்பல் சரியாக இருந்தால் காயில் பிளஸில் வோல்டேஜ் பாருங்கள். புது ஆல்டர்னேட்டரைத் தூண்டும் ஒயரை (சாவி போட்டதும் அதைச் சார்ஜ் செய்ய எழுப்பிவிடும் ஒயர்) பலரும் பக்கத்தில் இருக்கிறதே என்று காயில் பிளஸிலேயே மாட்டுகிறார்கள். பாயிண்ட் இக்னிஷனில் காயிலுக்கு வரும் சப்ளை வோல்டேஜைக் குறைக்கும் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகவோ, ரெசிஸ்டன்ஸ் ஒயர் வழியாகவோ வருகிறது. ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் மின்காந்தமான ரோட்டாரும் அதே வழியில் மூன்று நான்கு ஆம்பியர் இழுத்தால், காயிலுக்கு மிஞ்சும் வோல்டேஜ் கணிசமாகக் குறைந்து ஸ்பார்க் சோகையாகிவிடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் ஸ்பார்க் வராமலே போகலாம். தூண்டும் ஒயரை ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து, அதாவது முழு 12 வோல்ட் வரும் ஊதாவிலிருந்து எடுங்கள்.

சுத்தும்போது பிடிக்குது, சாவியை விட்டதும் செத்துப்போகுது. என் நண்பருக்கு இதுக்கு நேர்மாறா இருக்கு.

இரண்டுமே நல்ல அறிகுறிகள், ஏனென்றால் இடத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கின்றன. காயிலுக்குச் சப்ளை இரண்டு வழியாக வருகிறது. செல்ஃப் சுற்றும்போது ஸ்டார்ட்டர் சோலனாய்டிலோ சின்ன ரிலேவிலோ உள்ள 'ஐ' முனையிலிருந்து முழு வோல்டேஜ் வரும். சாவியை விட்டபின் ஊதா ஒயரும் பேலஸ்ட்டும் பொறுப்பேற்கும்.

விட்டதும் அணைகிறது என்றால் இரண்டாவது வழி அறுந்திருக்கிறது. ஊதா கழன்றிருக்கும் அல்லது பேலஸ்ட் உடைந்திருக்கும். சுற்றும்போது பிடிக்காமல், விடும் அந்தக் கணத்தில் பிடிக்கிறது என்றால் முதல் வழி இல்லை. 'ஐ' முனை ஒயரை யாரோ பழைய ரெகுலேட்டரைச் சேர்ந்தது என்று நினைத்து வெட்டியிருப்பார்கள். எல்லா ஒயரும் சரியாக இருந்தும் இரண்டாவது வகை வந்தால், செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் மிகவும் இறங்குகிறது என்று அர்த்தம். மேலே 'டக்' சத்தத்துக்குச் சொன்ன மூன்று அளவுகளை எடுங்கள்.

சாவியை எடுத்துட்டேன், என்ஜின் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு! பேய் பிடிச்ச மாதிரி.

பேய் தூண்டும் ஒயர் வழியாக வருகிறது. டெல்கோ 10எஸ்ஐ போன்ற மூன்று ஒயர் ஆல்டர்னேட்டரில் ஒன்றாம் எண் முனை சாவியிலிருந்து கரண்ட் வாங்கித்தான் விழித்துக்கொள்ளும். சுற்ற ஆரம்பித்த பிறகு அந்த முனையிலேயே அது வோல்டேஜ் தரவும் செய்யும். சாவியை அணைத்தாலும் அங்கிருந்து பின்னோக்கி ஊதாவுக்கும், ஊதாவிலிருந்து காயிலுக்கும் கரண்ட் போகிறது. என்ஜின் ஓடுவதால் ஆல்டர்னேட்டர் ஓடுகிறது, ஆல்டர்னேட்டர் ஓடுவதால் என்ஜின் ஓடுகிறது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. தூண்டும் ஒயரில் சார்ஜ் எச்சரிக்கை விளக்காக 2 அல்லது 3 வாட் பல்பைத் தொடராக வைக்கலாம். பின்னோக்கி வரும் கரண்ட்டைப் பல்பு காயிலை ஓட்டப் போதாத அளவுக்குக் குறைத்துவிடும், என்ஜின் நிற்கும். இல்லையென்றால் ஒரு டயோடு வைக்கலாம். நான்கு ஆம்பியருக்கு மேல் தாங்கும் சாதாரண ரெக்டிஃபையர் டயோடு போதும். எனக்குப் பிடித்தது பல்புதான், ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை என்பதையும் அது சொல்லிவிடும்.

இப்போதைக்கு நிறுத்த வேண்டும் என்றால் காற்று உள்ளே போகும் வழியை அடையுங்கள், அல்லது கவனமாகப் பெட்ரோல் வால்வை மூடிக் காத்திருங்கள். பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்யாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

டயோடை எந்தப் பக்கம் திருப்பி வைக்கணும்?

கோடு போட்ட முனை ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். தலைகீழாக வைத்தால் எதுவும் எரியாது, ஆனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாது. வெப்பத்தில் சுருங்கும், உள்ளே பசை வைத்த குழாய் போட்டு மூடி, என்ஜின் அதிர்வில் உடையாதபடி ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.

எல்.இ.டி விளக்கு போட்டேன். இப்போ ரேஸ் பண்ணினாத்தான் சார்ஜ் ஆகுது.

எல்.இ.டி வழியாகப் போகும் கரண்ட் ஆல்டர்னேட்டரைத் தூண்டப் போதாது. எல்.இ.டி-க்கு இணையாக 50 ஓம் அளவில், 5 வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்டி வைக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆயிடுது, நல்லா ஓடுது. ஆனா மறுநாள் காலையில பேட்டரி காலி.

மூன்று ஒயர் ஆல்டர்னேட்டரில் ஒன்றாம், இரண்டாம் முனைகளை மாற்றி மாட்டியிருப்பீர்கள் என்பது என் முதல் ஊகம். இரண்டாம் முனை பேட்டரி வோல்டேஜை உணர்வதற்கானது, அது எப்போதும் பேட்டரியில் இருக்கலாம், மிகச் சொற்பமே குடிக்கும். ஒன்றாம் முனை சாவிக்குப் பின்னால் மட்டுமே இருக்க வேண்டும். அது எப்போதும் உயிரோடு இருந்தால் ரோட்டார் மணிக்கணக்கில் நான்கு ஆம்பியர் வரை குடித்துக்கொண்டே இருக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி பதினைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

மீட்டர் இல்லாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்பக்க பேரிங்குக்கு அருகே ஒரு ஸ்பேனரைக் கொண்டுபோங்கள். காந்தம் போல் வலுவாக இழுத்தால் ரோட்டாருக்கு இன்னும் கரண்ட் போகிறது. சாவி போட்ட நிலையில், என்ஜின் ஓடாதபோது இழுக்க வேண்டும், சாவி எடுத்தபின் இழுக்கக் கூடாது.

இழுக்கவில்லை, ஆனாலும் பேட்டரி இறங்குகிறது என்றால் டயோடு ஷார்ட்டாகியிருக்கலாம். பேட்டரி மைனஸ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியர் அளவில் வையுங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் ஆல்டர்னேட்டர் அவுட்புட்டைக் கழற்றிப் பாருங்கள். உடனே இறங்கினால் கோளாறு அங்கேதான். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பின் தானியங்கி சுவிட்ச் சில நேரம் குழப்பும் என்பதால் அதன் ஃபியூஸை எடுத்துவிட்டு அளக்கவும்.

ஒத்தை ஒயர் ஆல்டர்னேட்டர் போட்டா இந்தத் தலைவலி எதுவுமே இல்லையாமே?

தலைவலி குறையும் என்பது உண்மை. தூண்டும் ஒயரே இல்லாததால் பின்னோக்கி வர வழி கிடையாது. ஆனால் சும்மா ஓடும் வேகத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும், ஒருமுறை வேகத்தை ஏற்றினால்தான் விழிக்கும். ஸ்டார்ட் செய்து மெதுவாகவே ஓட்டி மீன் பிடிக்கிறவருக்கு அது கடைசி வரை விழிக்காமலே போகலாம். அப்படி நாலு தடவை போய்வந்தால் ஐந்தாவது தடவை செல்ஃப் எடுக்காது. படகுக்கு மூன்று ஒயர் வகைதான் என் சிபாரிசு.

டேஷ்ல பழைய ஆம்பியர் மீட்டர் அழகா இருக்கு. அதை அப்படியே விடலாமா?

அழகுக்கு விடலாம், கரண்ட் போக விடாதீர்கள். பழைய டைனமோ தரும் 30, 35 ஆம்பியரைத் தாங்கத்தான் அந்த மீட்டரும் அதற்குப் போகும் ஒயரும் செய்யப்பட்டன. 60 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டரின் அவுட்புட் முழுவதும் டேஷ் வரை போய்த் திரும்பினால், அந்தச் சின்னத் திருகுகள் சூடாகி உருகும். நெருப்புக்கு இதுவே போதும்.

ஆல்டர்னேட்டர் அவுட்புட்டைத் தடித்த ஒயரில் நேரே ஸ்டார்ட்டர் பெரிய போல்ட்டுக்குக் கொண்டுபோய், அந்த முனையில் ஃபியூஸ் வையுங்கள். டேஷில் ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயர்களையும் ஒன்றாக இணைத்து, அந்த இடத்தில் வோல்ட் மீட்டர் மாட்டுங்கள். இணைக்க மறந்துவிடக் கூடாது. பல படகுகளில் சாவி சுவிட்சுக்கான சப்ளை ஆம்பியர் மீட்டரின் திருகிலிருந்தே கிளம்புகிறது. அதை வெறுமனே கழற்றினால் டேஷ் செத்துப்போகும் மூன்றாவது கேள்விக்கே திரும்பிப் போவீர்கள்.

கார் ஆல்டர்னேட்டர் பாதி விலைக்குக் கிடைக்குது. அதுவும் 12 வோல்ட்தானே?

பெட்ரோல் படகில் கூடாது. ஆல்டர்னேட்டருக்குள் பிரஷ் பொறி பறக்கும். படகுக்கான ஆல்டர்னேட்டரில் அந்தப் பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்ற வைக்காதபடி வலையும் மூடியும் உண்டு. அமெரிக்க விதி 33 சிஎஃப்ஆர் 183.410 இதைத்தான் கேட்கிறது. எஸ்ஏஇ ஜே1171 அல்லது ஐஎஸ்ஓ 8846 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் இதே விதிதான். ஏற்கெனவே கார் ஆல்டர்னேட்டர் மாட்டிவிட்டீர்கள் என்றால், ஸ்டார்ட் கோளாறைத் தேடும் முன் அதைக் கழற்றுங்கள்.

என்னோடது டீசல். இதெல்லாம் பொருந்துமா?

செல்ஃப், பேட்டரி, எர்த் பற்றிச் சொன்னது அத்தனையும் பொருந்தும். காயில் இல்லாததால் ஸ்பார்க் பகுதி பொருந்தாது. டாக்கோமீட்டர் சிக்னல் ஆல்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனையிலிருந்து வரும். புது ஆல்டர்னேட்டரில் துருவங்களின் எண்ணிக்கையும் புல்லியின் அளவும் வேறு என்பதால் மீட்டரைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். என்ஜின் நிற்காத கோளாறு டீசலிலும் வரும். கரண்ட் இருந்தால் மட்டுமே டீசலைத் திறந்துவைக்கும் சோலனாய்டு உள்ள என்ஜினில், பின்னோக்கி வரும் கரண்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தீர்வு அதே பல்பு அல்லது டயோடு.

ஒரு விசித்திரமான கேஸ் உண்டு. சில பெரிய டீசல்களிலும் ஜெனரேட்டர் செட்களிலும், ஓடும் என்ஜினில் செல்ஃப் அடித்துவிடாமல் தடுக்கும் ரிலே ஒன்று இருக்கும். என்ஜின் ஓடுகிறதா என்பதை அது ஆல்டர்னேட்டரின் விளக்கு முனையைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. அந்த முனைக்குப் பல்பு இல்லாமல் நேரே 12 வோல்ட் கொடுத்துவிட்டால், சாவி போட்டவுடனே ரிலே என்ஜின் ஓடுவதாக நினைத்து செல்ஃபைத் தடுத்துவிடும். எல்லா ஒயரும் சரியாக இருந்தும் செல்ஃப் எடுக்காமல், அந்த ஒயரைக் கழற்றினால் மட்டும் எடுத்தால் இதுதான் காரணம்.

தெரியாம, ஓடும்போதே பேட்டரி சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன். ஏதாவது ஆகியிருக்குமா?

ஆகியிருக்கலாம். பேட்டரி திடீரென விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் பல பத்து வோல்ட் எகிறும். அதில் டயோடும் ரெகுலேட்டரும் போகும். ஓடவிட்டு பேட்டரியில் வோல்டேஜ் பாருங்கள்: 13.8 முதல் 14.4 வரை இருந்தால் பிழைத்தது. பிறகு மீட்டரை ஏ.சி. அளவுக்கு மாற்றி அதே இடத்தில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது.

இரண்டு பேட்டரி, நடுவுல டயோடு ஐசோலேட்டர். மாத்தின பிறகு ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, இப்போ செல்ஃப் மெதுவாயிட்டே வருது.

உணரும் ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு பேட்டரி மற்றதைக் காலி செய்யாமல் பிரித்துவைக்கும் ஐசோலேட்டரில் 0.7 வோல்ட் அளவுக்கு இழப்பு உண்டு. உணரும் ஒயர் ஆல்டர்னேட்டர் பக்கமே இருந்தால், அங்கே 14.2 இருப்பதைப் பார்த்து ரெகுலேட்டர் திருப்தி அடைந்துவிடும். பேட்டரிக்கு வருவதோ 13.5. தினமும் கொஞ்சம் குறையாகவே சார்ஜ் ஆகி, வாரங்கள் போகப்போக பேட்டரி நோஞ்சானாகும். அந்த ஒயரை ஐசோலேட்டரைத் தாண்டி, ஸ்டார்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் ஃபியூஸோடு மாட்டுங்கள். ஒற்றை ஒயர் வகையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஐசோலேட்டர் பேட்டரி வோல்டேஜை அதன் போல்ட்டுக்கு வரவிடாததால் அது விழிக்கவே விழிக்காது.

காலையில உடனே ஸ்டார்ட் ஆகுது. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நிறுத்தினா, உடனே திரும்ப எடுக்க மாட்டேங்குது. ஆறினா எடுக்குது.

சூட்டில் செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். 50 டிகிரி சூடானால் சோலனாய்டு சுருளின் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், அதே வோல்டேஜில் இழுக்கும் பலம் குறைந்துவிடும். மஞ்சள்-சிவப்பு வழியில் ஏற்கெனவே ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் இழப்பு இருந்தால் குளிரில் சமாளித்த சோலனாய்டு சூட்டில் கைவிரித்துவிடும். இதைப் பார்த்து ஸ்டார்ட்டரை மாற்றுகிறவர்கள் அநேகம். புதிய ஸ்டார்ட்டரும் சில வாரம் தாங்கும், பிறகு அதே கதை.

சூடாக இருக்கும்போதே, எடுக்காமல் அடம்பிடிக்கும் அந்த நேரத்தில், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, பேட்டரி பிளஸ்ஸுக்கும் சோலனாய்டின் சின்ன முனைக்கும் இடையே அளவு பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், உருண்டைப் பிளக் மூன்றில் ஒன்று குற்றவாளி. இழப்பு இல்லாமலே எடுக்கவில்லை என்றால் மட்டும் ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள்.

என் என்ஜின் ரொம்பப் பழசு, பாசிட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டர் மாட்டினதும் ஒயர் புகைஞ்சது.

டயோடுகள் தலைகீழ் பேட்டரியை நேரடி ஷார்ட்டாகத்தான் பார்க்கும், ஆகவே அந்த ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததை மாட்டும் முன் படகு முழுவதையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். பேட்டரி கேபிள்களை மாற்றுங்கள், காயிலின் இரண்டு சின்ன ஒயர்களை மாற்றுங்கள். எலெக்ட்ரானிக் டாக்கோ, ரேடியோ, எலெக்ட்ரானிக் இக்னிஷன் எல்லாவற்றையும் மாற்றி முடிக்கும்வரை கழற்றியே வையுங்கள்.

ஸ்டார்ட்டர் எதிர்ப்பக்கம் சுற்றுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. பழைய ஸ்டார்ட்டர்களில் ஃபீல்டும் ஆர்மேச்சரும் இரண்டுமே சுருள்கள்தான். கரண்ட் திசை மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும், சுற்றும் பக்கம் மாறாது. நிரந்தரக் காந்தம் வைத்த புதுவகை ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும், அதை மாற்றியே ஆக வேண்டும். பில்ஜ் பம்ப், புளோவர் மோட்டார்களிலும் நிரந்தரக் காந்தம்தான் இருக்கும், அவற்றின் ஒயர்களையும் மாற்றி மாட்டுங்கள். புளோவர் சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டே காற்றை வெளியே தள்ளாமல் இருந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. காற்று வெளியேறும் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டே முதல் ஸ்டார்ட்டுக்குப் போங்கள்.